நிக்கிறதும் சாயுறதும்

அவள்மேல் எனக்குள்ள கோபம் இன்றைக்கும் தீரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முக்கியமானதை முதலில் போட்டு உடை, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.

நாங்கள் எல்லோரும் அவளைக் 'கோ' என்று கூப்பிட்டோம். சைகோனில் டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தமிழில் கோ என்றால் அரசன் அல்லவா, அந்த அர்த்தத்தில்தான் இவளுக்கு அந்தப் பெயர் பொருந்துகிறது என்று என் கணவர் சொல்வார். அவர் யாரையும் குறை சொல்லாத மனிதர். அவரே அப்படிச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுடைய அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து சைகோனுக்கு வந்து தங்கிப்போனவர். அம்மா அந்த ஊர்ப் பெண். அப்பா மகளிடம் பேசிய தமிழ்தான் அவளுக்குத் தெரிந்த மொத்தத் தமிழும். வா, போ, உக்காரு, தின்னு, வாயை மூடு. அந்த ஆள் பிள்ளையிடம் எதைப் பேசினாலும் அதட்டலாகத்தான் பேசியிருப்பார் போலிருக்கிறது. 'வாங்க, உக்காருங்க' என்று ஒன்று தமிழில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ வயது இருக்கும். தாடி நரைத்த மனிதர்களைப் பார்த்து 'உக்காரு' என்பாள். முதல் நாள் என்னையும் அப்படித்தான் சொன்னாள். நான் காரைக்காலில் பிறந்து, கல்யாணமாகி சைகோனுக்கு வந்தவள். எங்கள் பக்கத்தில் தெருவில் போகிற கோழியைக்கூட மரியாதையாகத்தான் விரட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கத்தித் தீர்த்தேன்.

"இவகிட்டயா நாம படிக்கணும் மச்சான்? ஒரு மட்டு மரியாதை தெரியலையே!"

"அவளுக்கு இங்கிலீஷ் தெரியுது புள்ளெ. மரியாதை நமக்குத் தெரியுது. ரெண்டையும் சேத்தா சரியாப் போச்சு," என்றார் அவர்.

சண்டை முடிந்து ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறி எட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. போகக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். டோங் டு தெருப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஒரு வரிசை நிறைந்தால் அதிசயம். பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் தையல் கடை. கடைக்குப் பின்னால் வீடு. என் கணவர் முன்பு அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் குடியிருப்பில் தையல்காரராக இருந்தவர். அதை வைத்து அமெரிக்காவுக்குப் போக மனுப் போட்டிருந்தோம். அவ்வப்போது வெளிநாட்டு அதிகாரிகள் விமானத்தில் வந்து இறங்கி, மனுப் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். தேறினால் விமானம். தேறாவிட்டால் மறுபடியும் அரிசியில் பாதி போபோ தானியத்தைக் கலந்து தின்றுகொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உண்டு. ஆனால் அவர் வியட்நாமியர். எங்கள் வியட்நாமியம் பென் தான் என்கிற சந்தையில் மீன் பேரம் பேசுகிற வியட்நாமியம். அதை அவர் இங்கிலீஷாக்கும்போது பாதி கரைந்துபோகும். அதனால் இங்கிலீஷை நாமே கற்றுக்கொண்டு பேசிவிடலாம் என்று எங்களைப் போன்ற மிச்சம் மீதிகள் ஏழெட்டுப் பேர் கோவிடம் போனோம். மாரியம்மன் கோயில் தெருவில் ஒரு மாடி அறை. ஒரு கரும்பலகை, தரையில் பாய். காலையில் வியட்நாமியர்களுக்கு, மத்தியானம் எங்களுக்கு.

அவளிடம் ஒரு குணம் உண்டு. எந்தக் காரியத்துக்கும் காரணம் சொல்ல மாட்டாள், அடுத்தவரையும் சொல்ல விட மாட்டாள். நான் ஒருநாள் தாமதமாகப் போய், குழாயில் தண்ணீர் வராததை ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "லேட்டு. உக்காரு." அவ்வளவுதான். அவளே ஒருநாள் நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். என்ன ஆச்சு என்று எல்லோரும் பதறினோம். "அடிபட்டுது. புக்கைத் திற." எங்கே பட்டது, எப்படிப் பட்டது, ஒன்றும் கிடையாது. அடுத்தவர் பதைப்பைக்கூட ஏற்றுக்கொள்ளத் தெரியாத பிறவி.

ஒரு தடவை வட்டத்து அதிகாரி மாடியேறி வந்துவிட்டான். இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பதைக் கண்டும் காணாமலும் விட்டிருந்த காலம். ஆனாலும் நினைத்தால் பிடிக்கலாம். நாங்கள் புத்தகங்களைப் பாய்க்கடியில் தள்ளினோம். வாசலில் எதற்கு இத்தனை செருப்பு என்று கேட்டான்.

"ஆட்கள் வந்திருக்கிறார்கள்," என்றாள் வியட்நாமியத்தில்.

அவன் அடுத்ததைச் சொல்வாள் என்று காத்திருந்தான். இவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தொப்பியை எடுத்தான், விசிறிக்கொண்டான், மறுபடியும் போட்டுக்கொண்டான். கடைசியில் அவன்தான், இந்தப் பக்கமாக வந்தேன், வெயில் அதிகம், அதனால்தான் ஏறிப் பார்த்தேன் என்று காரணம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

வாக்கியம் சொல்லிக் கொடுத்த கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. ஒன்று கேட்டால் நேராகப் பதில் வராது. என் கணவரிடம் டீ போட்டாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய் குறைந்ததில் தொடங்கி, பக்கத்துக் கடையில் தீப்பெட்டி வாங்கியது வரை வந்து, கடைசியில்தான் 'போட்டாச்சு' வரும். அது எங்களுக்கு மரியாதை. எடுத்த எடுப்பிலேயே விஷயத்தை முகத்தில் எறிவது பண்பில்லை. ஏன், எப்படி, யாரால் என்று எல்லாவற்றையும் அடுக்கி, கேட்பவரைத் தயார் பண்ணி, அப்புறம்தான் விஷயம். இங்கிலீஷிலும் அதையே செய்தோம். 'பிகாஸ்' என்று ஆரம்பிப்போம். நடுவில் 'வென்' வரும், 'ஆல்தோ' வரும். விஷயம் வருவதற்குள் கேட்பவனுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

அவள் ஒருநாள் என் கணவரைப் பார்த்து, "உன் சைக்கிளை மேல கொண்டா," என்றாள். கீழே நிறுத்தியிருந்த சைக்கிளை மனிதர் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்தச் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் உடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் தன் சைக்கிளையும் கொண்டுவந்து, ஸ்டாண்டைப் போட்டு அறை நடுவில் நிறுத்தினாள். ஒரு தாளில் 'ஐ ஏட்' என்று எழுதி அதன்மேல் செருகினாள். நான் சாப்பிட்டேன். இன்னொரு தாளில் 'பிகாஸ் ஐ வாஸ் ஹங்ரி' என்று எழுதி எங்கள் சைக்கிளில் செருகினாள். எனக்குப் பசியாக இருந்ததால்.

"பாரு," என்று சொல்லி எங்கள் சைக்கிளிலிருந்து கையை எடுத்தாள்.

அது படாரென்று விழுந்தது. மட்கார்டு நெளிந்துபோயிற்று.

"இது நிக்குது. இது விழுது," என்றாள். பிறகு எங்கள் சைக்கிளைத் தூக்கித் தன் சைக்கிளின்மேல் சாய்த்தாள். நின்றது. "இப்ப ரெண்டும் நிக்குது. புரியுதா? நிக்கிறதை முதல்ல நிறுத்து. அப்புறம் சாயுறதைச் சாய். நீங்க எல்லாம் சாயுறதைத் தூக்கிட்டு நடுவீட்டுல நிக்கிறீங்க. எங்க சாய்க்கிறதுன்னு தேடுறீங்க. அதுக்குள்ள அவன் பேனாவை மூடிடுவான்."

புத்தகத்தில் இவற்றுக்குத் தனித் தொடர், சார்புத் தொடர் என்று என்னவோ பெயர் போட்டிருப்பார்கள். எங்களுக்கு நிக்கிறது, சாயுறது. இன்றைக்கும் நான் இங்கிலீஷில் வாய் திறந்தால், முதலில் ஒரு சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். பாடம் நல்ல பாடம்தான். அதற்காக எங்கள் சைக்கிளையா தள்ளிவிட வேண்டும்? மட்கார்டை அடித்து நிமிர்த்திய அன்று நான் அவளைத் திட்டாத திட்டு இல்லை.

அந்த வியாதி என்ன செய்யும் என்று காரைக்குடிப் பெரியவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். மாரியம்மனுக்குப் பூக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். மனைவி வியட்நாமியப் பெண். கட்டிக் கொடுத்த மகள் வெளிநாட்டிலிருந்து இரண்டு பேருக்கும் மனுப் போட்டிருந்தாள். எங்கள் வகுப்புக்கு வருவதற்கு முன்னாலேயே அவர்களுடைய விசாரணை வந்துவிட்டது. உங்கள் மனைவியோடு போக விரும்புகிறீர்களா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். இவர் தன் மூத்த மகன் இறந்ததால், கோயிலை விட்டு வர மனமில்லாதபோதும், மருத்துவர் சொன்ன காரணத்தால் என்று ஆரம்பித்திருக்கிறார். அதிகாரி 'கோயிலை விட்டு வர மனமில்லை' என்பதைப் பிடித்துக்கொண்டார். மனைவிக்கு அனுமதி வந்தது. இவருக்கு, பிறகு பார்க்கலாம். அந்த அம்மா அழுதுகொண்டே விமானம் ஏறியது.

"நாஞ் சொல்ல வந்ததை அவுக முழுசாக் கேக்கவே இல்லைங்க," என்று அந்த மனிதர் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து பத்துத் தடவை சொல்லியிருப்பார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அறுபது வயது தாண்டிய மனிதர். அடக்க ஒடுக்கமாகப் பேசினார் என்பதற்காகப் பெண்டாட்டியைப் பிரித்தார்கள்.

கோ அவரையும் விட்டு வைக்கவில்லை. அவர் தன் கதையை வகுப்பில் எடுத்தால், "கதை வேணாம். நீ யாரு? என்ன வேணும்?" என்பாள். ஆறு மாதம் அவரை வறுத்தெடுத்தாள். ஐ ஆம் ஹெர் ஹஸ்பண்ட். ஐ வான்ட் டு கோ. இரண்டே வாக்கியம். சரியாகச் சொன்னால், "உக்காரு" என்பாள். பாராட்டு என்று அவளிடமிருந்து வந்ததெல்லாம் அந்த ஒரு சொல்தான். இரண்டாவது விசாரணையில் அவர் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்தார். போகிற அன்று ஒரு முழம் மல்லிகைப் பூவோடு மாடியேறி வந்து, "ஆத்தா, நீ நல்லாயிருப்பே," என்றார். அவள் பூவை வாங்கிக் கரும்பலகை ஆணியில் மாட்டிவிட்டு, "போ, நேரமாச்சு," என்றாள். நன்றி என்று ஒரு மெர்சியாவது சொல்லக்கூடாதா?

இனி என் மகள் ஜமீலா.

ஜமீலா நான் பெற்றவள் இல்லை. ஆனால் என் வீட்டில் பிறந்தவள். எங்கள் கடைக்கு எதிரே சிகரெட் விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, மழைக்காலத்து மத்தியானம் ஒன்றில் வலி வந்து எங்கள் கடைக்குள் ஓடிவந்தாள். பின்னறையில் நான்தான் வெந்நீர் வைத்தேன், நான்தான் பிள்ளையை வாங்கினேன். அவளுக்கு ஆள் துணை கிடையாது. எங்களோடேயே இருந்தாள். சண்டை முடிந்த அந்த ஏப்ரலில் தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, பிள்ளையை என் மடியில் போட்டு, அக்காவைத் தேடிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனாள். வரவில்லை. செத்தாளா, கப்பல் ஏறினாளா, எதுவும் தெரியாது. பிறந்ததற்குப் பத்திரம் இல்லை. எங்களுக்கு வேறு பிள்ளையும் இல்லை. அந்தப் பிள்ளை இல்லாமல் நாங்கள் எங்கேயும் போவதாக இல்லை. மனுவில் மகள் என்றுதான் எழுதியிருந்தோம்.

கோ அதிகாரி மாதிரி முக்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டாள். "ஹூ இஸ் ஷீ?"

நான் ஆரம்பித்தேன். வென் தி வார், பிகாஸ் ஹெர் மதர்...

டஸ்டரை முக்காலியில் ஓங்கி அடித்தாள். சுண்ணாம்புத் தூள் என் முகத்தில் பறந்தது. "செத்தே. பிள்ளை இங்க, நீ பிளேன்ல. திரும்பச் சொல்லு. ஹூ இஸ் ஷீ?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தினேன். "பின்னே நான் எதைச் சொல்றது? அந்தப் பொண்ணு என் வீட்டுல கிடந்து கத்துனதைச் சொல்லக்கூடாதா? இந்த ஒம்பது வருசம் நான் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்ததைச் சொல்லக்கூடாதா? அது இல்லாம இந்தப் புள்ளைக்குக் கதை ஏது?"

"கதை உன் வீட்டுல வச்சுக்க. புள்ளை பெருசானா அவகிட்ட சொல்லு. அவன்கிட்ட ஒரு பிகாஸ் சொன்னா பத்து ஒய் கேப்பான். பொய் சொல்லாதே. எல்லாத்தையும் சொல்லாதே. நிக்கிறதை மட்டும் சொல்லு. அவ எங்க பொறந்தா?"

"என் வீட்டுல."

"இங்கிலீஷ்ல."

"ஷீ வாஸ் பார்ன் இன் மை ஹவுஸ்."

"உன் புள்ளையா?"

"ஷீ இஸ் மை டாட்டர்."

"உக்காரு."

உட்கார்ந்தேன். அழுகை வந்தது. அழுதது துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். பெற்றவளைத் துடைத்துப் போட்டுவிட்டாளே, கரும்பலகையைத் துடைக்கிற மாதிரி. அன்று நான் அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரம் போகவில்லை. அவளும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. என் கணவர் அன்று என் அதிர்ஷ்டத்துக்கு வாயைத் திறக்கவில்லை. அதிகாரி இளம் வயதுக்காரர். கேட்டார், சொன்னேன். ஷீ வாஸ் பார்ன் இன் மை ஹவுஸ். ஷீ இஸ் மை டாட்டர். அவர் ஜமீலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் நிறம் என்ன, என் நிறம் என்ன. பேனாவை மூடவில்லை. ஆனால் பத்திரம் இல்லாததால் ஒரு சாட்சி வேண்டும் என்றார். சொந்தக்காரராக இருக்கக்கூடாது, பிள்ளை பிறந்தபோது அங்கே இருந்தவராக இருக்க வேண்டும். அடுத்த வாரம் கூட்டிவாருங்கள்.

நான் எங்கே போவேன்? அன்றைக்கு எங்கள் தெருவில் இருந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் காரைக்கால், பாரிஸ் என்று போய்விட்டார்கள். பின்னறையில் அன்று இருந்தது நான், அந்தப் பெண், அல்லா. வேறு வழியில்லாமல் மாடியேறிப் போய்க் கோவிடம் சொன்னேன். யாரையாவது தெரியுமா என்று கேட்கத்தான் போனேன்.

"அலோர், அப்ப நான் வர்றேன்," என்றாள்.

"நீ வந்து என்னா சொல்லுவே? உனக்கு என்னையத் தெரிஞ்சதே ரெண்டு வருசம்."

"செவ்வாக்கிழமைதானே? போ."

செவ்வாய்க்கிழமை வந்தாள். அதிகாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை பிறந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று அவர் கேட்டார். அவள் இங்கிலீஷ் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி இருக்கும். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. நான் அந்த வீட்டில் இருந்தேன். பிள்ளையை இந்த அம்மாள் கையில் பார்த்தேன். அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"பொய் சொல்லாதேன்னியே? நீ எங்க இருந்தே அன்னிக்கு?"

"புள்ளைக்குப் பசிக்குது. கூட்டிட்டுப் போய்ச் சோறு போடு," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

மூன்று பேருக்கும் அனுமதி வந்தது. கடையில் மிச்சமிருந்த துணியையெல்லாம் தெருவுக்குப் பங்கு வைத்தோம். அப்போதுதான் மொழிபெயர்ப்பாளர் சட்டை வாங்க வந்தார். அவருக்குச் சட்டை தைப்பது என் கணவர்தான். நல்ல மனிதர். சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகாமல் நின்றார். உங்கள் கோவுக்கு என்ன வந்தது என்று கேட்டார்.

அவளும் மனுப் போட்டிருந்தாள். அவளுடைய அம்மாவும் தங்கையும் ஊர் கைமாறிய அந்த வாரத்திலேயே கப்பலேறி, அமெரிக்கா போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். இவள் மட்டும் சைகோனில். அந்த நாளில் டா நாங் ஊரில் அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்ததை வைத்து இவள் தேறவேண்டும். ஜமீலா பிறந்த வருஷம் முழுக்க அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். சைகோனிலிருந்து எவ்வளவோ தூரம். எங்கள் விசாரணை முடிந்து ஒரு மாதத்தில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே அறை, அதே அதிகாரி.

அதிகாரி அவள் முகத்தை மறக்கவில்லை. அந்த வருஷம் நீ எங்கே இருந்தாய் என்று கேட்டிருக்கிறார்.

சைகோனில் இருந்தேன் என்றாளாம்.

உன் மனுவில் டா நாங் என்று இருக்கிறதே?

சைகோனில் இருந்தேன்.

அதிகாரியே இரக்கப்பட்டு, இதற்கு ஏதாவது விளக்கம் உண்டா, யோசித்துச் சொல் என்றாராம். மொழிபெயர்ப்பாளரும் மெதுவாக வியட்நாமியத்தில், லீவில் வந்தேன் என்றாவது சொல் என்று காதில் போட்டாராம். அவள் இருவரையும் பார்த்துவிட்டு, விளக்கம் இல்லை என்றாளாம். டா நாங் வேலை பொய் என்று ஆகிவிட்டது. மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

"ஒரே ஒரு வார்த்தை," என்றார் மொழிபெயர்ப்பாளர். "காரணம் சொல்லத் தெரியாத பெண்ணை நான் இப்போதுதான் பார்க்கிறேன்."

நான் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். தெரு கொதித்தது. சிக்லோ ரிக்‌ஷாக்காரன் ஒருவன் குறுக்கே வந்து திட்டினான். நானும் பதிலுக்குத் தமிழில் திட்டினேன். மாடியில் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வியட்நாமியப் பெண்கள், ஆண்கள், பாய் நிறைய ஆள். அவள் கையில் சாக்பீஸோடு நின்றாள். நான் வாசலில் நின்றே கத்தினேன்.

"யாரு கேட்டா உன்னைய? நான் கேட்டேனா? எனக்காகப் போயி உன் அம்மாளை விட்டுட்டு நில்லுன்னு நான் சொன்னேனா? இந்தக் கடனைத் தூக்கிக்கிட்டு நான் எப்படிடீ பிளேன் ஏறுவேன்?"

என் வாயில் 'டீ' வந்ததை அப்போதுதான் நானே கேட்டேன். வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

"உள்ள வா," என்றாள்.

"வரமாட்டேன். லீவுல வந்தேன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே! அந்த ஒத்தக் காரணத்தைச் சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?"

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். முக்காலியில் உட்கார்ந்தாள். வகுப்பில் கேள்வி கேட்கிற அதே குரலில் கேட்டாள். "சொல்றேன். லீவுல வந்தேன். அடுத்து அவன் என்ன கேப்பான்?"

"என்னா கேப்பான்?"

"நான் கேக்குறேன். நீ சொல்லு."

எனக்கு மூச்சு வாங்கியது. "லீவுச் சீட்டு கேப்பான்."

"இல்லை. அப்புறம்?"

"உன் கம்பெனிக்கு எழுதிப் போடுவான்."

"அவங்க லீவு குடுக்கலைன்னு எழுதுவாங்க. அப்புறம்?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அப்புறம்? சொல்லு."

"அப்புறம்... ஜமீலா மனுவை எடுப்பான்."

"எடுத்து?"

"சாட்சி பொய்யின்னு தள்ளுவான்."

"உக்காரு," என்றாள்.

நான் உட்காரவில்லை. அப்படியே நின்றேன். முதல் தடவையாக அவள் குரல் கொஞ்சம் தணிந்தது. "சோய் ஓய், கடவுளே, ஏன் அழுவுறே? புள்ளையை விட்டுட்டுப் போவியா? போவ மாட்டே. அப்ப கத்தி என்ன ஆவப்போவுது? தண்ணி குடி. போ."

மண்பானையிலிருந்து அவளே ஒரு தம்ளர் மொண்டு கொடுத்தாள். குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் அவள் திரும்பிக் கரும்பலகையில் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிட்டாள். முதுகைத்தான் பார்த்தேன். ரவிக்கை தோள்பட்டையில் கிழிந்து, கறுப்பு நூலால் அவளே தைத்திருந்தாள், கோணல் மாணலாக. தையல்காரன் வீட்டுக்காரி நான், இரண்டு வருஷம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒரு நாளாவது கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே! கொடுக்க மாட்டாள். கொடுத்தால் எப்படிக் கிழிந்தது என்று நான் கேட்பேன் அல்லவா?

அன்று அவள்மேல் வந்த கோபம் அந்த அதிகாரிமேலும் வந்தது. பிள்ளையைத் தூக்கி வளர்த்த கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் சாட்சி கேட்டவர். பத்திரம் இல்லாமல் பிறந்த பிள்ளைகளை எங்கே வைப்பது என்று தெரியாத உலகத்தின்மேலும் வந்தது. ஆனால் அவர்கள்மேல் வந்தது போய்விட்டது. அவள்மேல் வந்தது மட்டும் இருக்கிறது. உதவி செய்கிறவர்கள் நம்மைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நமக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? அந்தக் கேள்விக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டாளே, அதற்குத்தான் இந்தக் கோபம்.

விமான நிலையத்துக்கு அவள் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. விமானத்தில் ஜமீலாவுக்கு ஜன்னலோர இடம். சீட்டில் முழங்கால் போட்டு நின்றுகொண்டு, கீழே யாராவது தெரிகிறார்களா என்று கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, கோ ஏன் நம்மளோட வரலை?"

என் கணவர் வாயைத் திறந்தார். அது எங்கே தொடங்கி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அவர் கையை அழுத்திப் பிடித்தேன்.

"கோ சைகோன்ல இருக்காங்க," என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். "நான் ஏன்னு கேட்டேன். இது பதிலே இல்லை உம்மா."

"உக்காரு," என்றேன்.